அம்மாவின் பங்குப் பத்திரம்: ஒரு வங்கி லட்சங்களானது, இன்னொன்று பூஜ்யமானது ஏன்?

வைகைக்கரை | 8 நவம்பர் 2025, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியபோது, அடித்தட்டில் அம்மாவின் பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு காக்கி உறை கிடைத்தது. உள்ளே பேங்க் ஆஃப் மதுராவின் பங்குப் பத்திரம், 100 பங்குகள், அம்மா பெயரில். கருமுத்து தியாகராஜ செட்டியார் 1943இல் மதுரையில் தொடங்கிய வங்கி. அப்பா அங்கேதான் கணக்கு வைத்திருந்தார். அந்தப் பழக்கத்தில் அம்மா பெயரில் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இருவருமே இப்போது இல்லை.

தங்கை வீட்டு மாப்பிள்ளை பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வங்கியே இல்லை மச்சான், இது வெறும் காகிதம். லட்சுமி விலாஸ் வங்கி இணைந்தபோது பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லையே" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. இரண்டும் நம் மாநிலத்து வங்கிகள், இரண்டும் பெரிய வங்கிகளுக்குள் போய்விட்டன. இரண்டுக்கும் கதி ஒன்றுதானா? இந்தப் பத்திரத்துக்கு மதிப்பு ஏதும் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு | 8 நவம்பர் 2025, காலை 9.15

ஐயா, முதலில் அந்த உறையைப் பத்திரமாக வையுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவன் நான். இப்படிப்பட்ட உறையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுப் பின்னால் கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைச் சொல்கிறேன். பேங்க் ஆஃப் மதுரா 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. மதுரா பங்கு ஒன்றுக்கு ஐசிஐசிஐ வங்கிப் பங்கு இரண்டு என்பது விகிதம். அப்படியானால் 100 பங்குகள் 200 ஆகியிருக்க வேண்டும். 2014 டிசம்பரில் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 2 ரூபாய்ப் பங்குகளாக ஐந்தாகப் பிரித்தார்கள். 200 என்பது 1,000 ஆனது. 2017இல் பத்துக்கு ஒன்று என்று போனஸ் கொடுத்தார்கள். இப்போது 1,100. பங்கு 1,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14 லட்சத்து 30 ஆயிரம். இந்த ஆண்டு பங்குக்கு 11 ரூபாய் டிவிடெண்டு (லாபத்தில் தரும் பங்கு). அதுவே 12,100 ரூபாய். அம்மாவோ அப்பாவோ நடுவில் விற்றிருக்காவிட்டால் இவ்வளவும் உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியது.

உங்கள் கையில் இருக்கும் பத்திரம் இப்போது செல்லாது. இணைப்பின்போது ரத்தாகியிருக்கும். ஆனால் அதிலுள்ள ஃபோலியோ எண் (பங்குதாரர் கணக்கு எண்) உயிரோடு இருக்கிறது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்டால், அந்தத் தொகை மட்டுமல்ல, பங்குகளுமே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். போனது போனதுதான் என்று பயப்பட வேண்டாம், வாரிசுகள் கேட்டு வாங்கலாம். முதலில் வங்கியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் பெயரில் ஒரு டீமேட் கணக்கு (பங்குகளை மின்வடிவில் வைக்கும் கணக்கு) தேவைப்படும். நிதியத்துக்குப் போயிருந்தால் ஐஇபிஎஃப்-5 படிவம். பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். பத்திரத்தில் அம்மாவின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். அதை இப்போதே சரிபாருங்கள்.

லட்சுமி விலாஸ் வங்கியைச் சொல்லி மாப்பிள்ளை எழுப்பியது நல்ல கேள்வி. அது கரூர் வங்கி. கரூர்க்காரர் யாராவது பதில் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கரூர்வழி | 8 நவம்பர் 2025, மாலை 6.05

நான் சொல்கிறேன். 1926இல் கரூரில் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. நெசவு, கொசுவலை, பஸ் பாடி கட்டும் பட்டறை, விவசாயம் என்று எங்கள் ஊர்த் தொழில்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. கடன் கேட்டு வருபவரின் தறிச்சத்தம் மேலாளரின் காதுக்கே கேட்கும் தூரத்தில் இருந்த காலம் அது. பின்னாளில் பெரிய நிறுவனக் கடன்களுக்குத் தாவினார்கள். அங்கேதான் சறுக்கியது.

2017-18இல் 585 கோடி நட்டம், அடுத்த ஆண்டு 894 கோடி, அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. 2020 மார்ச்சில் நூறு ரூபாய்க் கடனில் 25 ரூபாய் வராக்கடன். இதற்கு நடுவே உரிமைப் பங்கு வெளியிட்டு, ஏற்கெனவே இருந்த பங்குதாரர்களிடமே மறுபடியும் பணம் கேட்டார்கள். நம் வங்கி என்ற பாசத்தில் போட்டவர்கள் உண்டு. வந்த பணம் நட்டத்தில் கரைந்தது. 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் நிறுவனத்தோடு இணைப்பு என்று அறிவித்தார்கள். அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. அதற்குள் வங்கி, நலிந்த வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதிக்கும் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழும் வந்துவிட்டது. 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே ஓட்டுப்போட்டு வெளியேற்றினார்கள்.

நவம்பர் 17 மாலை பணம் எடுக்கத் தடை வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், 27ஆம் தேதி, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைப்பு நடந்து முடிந்தது. டிபிஎஸ் 2,500 கோடி கொண்டுவந்தது. வைப்புத்தொகை போட்டவர்களுக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது.

மதுரை வங்கி நடக்கத் தெம்பு இருக்கும்போதே கைகோத்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன, வாங்குகிறவருக்கு அவை தேவைப்பட்டன. அதனால் ஒன்றுக்கு இரண்டு கேட்க முடிந்தது. கரூர் வங்கியை இறுதியில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பேரம் பேச நிற்கக் கால் வேண்டுமே.

நெல்லைச்சீமை | 8 நவம்பர் 2025, இரவு 9.30

கரூர்வழி அண்ணா, எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. தடை வந்த அன்றுகூட அந்தப் பங்கு 15 ரூபாயை ஒட்டிச் சந்தையில் கைமாறியது. 563 கிளைகள், தொண்ணூற்று நான்கு ஆண்டுப் பெயர், லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள். இதற்கெல்லாம் மதிப்பு பூஜ்யம் என்றால் எப்படி? இணைப்புக்குப் பங்குதாரர் ஓட்டு வேண்டும் என்றுதானே சட்டம்? ஓட்டே கேட்கவில்லையே!

கரூர்வழி | 8 நவம்பர் 2025, இரவு 10.50

தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. வழக்குகளும் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்.

நிறுவனங்களின் சாதாரண இணைப்பு கம்பெனிச் சட்டப்படி நடப்பது. அங்கே ஓட்டெடுப்பு உண்டு, மதிப்பில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். லட்சுமி விலாஸுக்கு நடந்தது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. ரிசர்வ் வங்கி திட்டம் வகுக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும், முடிந்தது. பங்குதாரர் ஆட்சேபம் எழுதி அனுப்பலாம், ஓட்டுக் கிடையாது. 2020 செப்டம்பர் முடிவில் அந்த வங்கியின் மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.85 சதவீதம். கடைசிப் பைசாவரை தின்று, அதற்கு மேலும் பள்ளம். பங்குதாரர் என்பவர் எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதற்கு உரியவர். மிஞ்ச ஒன்றும் இல்லை. கடன்பத்திரம் வைத்திருந்தவர்களிலும் ஒரு வகையினரின் 318 கோடியை அழித்துவிட்டார்கள்.

சந்தை விலை 15 ரூபாய் என்பது, யாராவது காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கைக்கு அன்று ஒருவர் கொடுத்த விலை.

கிளைகளுக்கும் பெயருக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம் என்பதில் நான் உன் பக்கம்தான். பத்துப் பங்குக்கு ஒன்று என்றுகூடக் கொடுக்காதது எங்கள் ஊரில் இன்னும் ஆறாத புண்.

தாமரைக்குளம் | 9 நவம்பர் 2025, காலை 6.20

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். வைகைக்கரை தம்பியின் கேள்வியிலிருந்து சற்று விலகிக் கேட்பதற்கு மன்னிக்கவும்.

என் ஓய்வூதியத்தோடு, கணவர் விட்டுப்போன பங்குகளின் டிவிடெண்டும் வருகிறது. வங்கிப் பாஸ்புக்கில் அந்த வரி விழும்போது ஒரு நிறைவு. அவர் இன்னும் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிறார் என்று தோன்றும். அதனால் டிவிடெண்டு அதிகம் தரும் நிறுவனங்களாகப் பார்த்து இன்னும் கொஞ்சம் வாங்கினேன். அதில் ஒன்று (பெயர் வேண்டாம்) இரண்டு ஆண்டுகள் வாரிக் கொடுத்தது. மூன்றாம் ஆண்டு ஒன்றுமே இல்லை, பங்கின் விலையும் பாதிக்குக் கீழே. பேரேடு ஐயா, டிவிடெண்டு நிறையக் கொடுப்பது நல்ல நிறுவனத்தின் அடையாளம் இல்லையா?

பேரேடு | 9 நவம்பர் 2025, காலை 11.00

அம்மா, கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

டிவிடெண்டு வெளியிலிருந்து வரும் பணம் இல்லை. உங்கள் தவலையில் இருந்த நீரை உங்கள் சொம்பில் ஊற்றித் தருகிறார்கள். பங்குக்கு 20 ரூபாய் கொடுக்கும் நாளில் நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து அந்த 20 ரூபாய் போய்விடுகிறது. யார் கையில் பங்கு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் பதிவு நாளன்று காலையில் விலையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித் தொடங்கும். இந்த ஒரு நாள் டிவிடெண்டுக்காக முந்தின நாள் ஓடிப்போய் வாங்குகிறவர்களுக்கு வரிதான் மிச்சம்.

அதனால் பார்க்க வேண்டியது தவலையில் நீர் ஊறுகிறதா என்பதை. ஆண்டறிக்கையில் இரண்டு எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: நிகர லாபம், கொடுத்த மொத்த டிவிடெண்டு. பல ஆண்டுகளாக லாபத்தில் பாதியோ முக்காலோ கொடுத்துவருகிற நிறுவனம் என்றால் சரி. லாபத்தைவிட அதிகமாகக் கொடுத்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம். இந்துஸ்தான் ஜிங்க் 2022-23இல் பங்குக்கு 75.50 ரூபாய் கொடுத்தது. மொத்தம் சுமார் 32,000 கோடி. அந்த ஆண்டு லாபம் சுமார் 10,500 கோடிதான். பல ஆண்டுகள் சேர்த்துவைத்த ரொக்கத்தை எடுத்துக் கொடுத்தார்கள், கடனும் கூடியது. அதன் தாய் நிறுவனம் வேதாந்தா, அதே ஆண்டில் ஐந்து தவணையாகப் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. அதன் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது லண்டனில் உள்ள அதன் தாய் நிறுவனத்துக்கு. அங்கே கட்ட வேண்டிய கடன் மலைபோல் இருந்தது. சாதாரணப் பங்குதாரருக்கும் அதே விகிதத்தில் பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை மேலே இருந்த கடனின் தவணைத் தேதி தீர்மானித்தது என்றே நான் அந்த அறிக்கைகளைப் படித்தேன்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2023 ஜனவரியில், வேதாந்தாவின் வெளிநாட்டு ஜிங்க் சுரங்கங்களை ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு இந்துஸ்தான் ஜிங்க் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். இந்துஸ்தான் ஜிங்க்கில் மத்திய அரசுக்கு அப்போது ஏறத்தாழ 30 சதவீதம் பங்கு. அரசு உறுதியாக எதிர்த்தது, திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளையின் பணத்தைத் தாய் எடுக்க டிவிடெண்டு ஒரு வழி, சொத்தை விற்பது இன்னொரு வழி. டிவிடெண்டில் நமக்கும் பங்கு வரும், இரண்டாவதில் வராது.

உலோக விலை ஏறியதும் 2024இல் இரண்டு பங்குகளும் நன்றாக ஏறின, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாதச் செலவுக்கு நம்பி வாங்குகிற உங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு ஆண்டின் 101 ரூபாயைப் பார்த்து "ஆண்டுக்கு இவ்வளவு வரும்" என்று கணக்குப் போடுவதுதான் ஆபத்து. நீங்கள் சொன்ன நிறுவனத்திலும் ஏதாவது ஒருமுறை வருமானம் இருந்திருக்கும். நிலம் விற்றிருப்பார்கள், அல்லது ஒரு பிரிவை விற்றிருப்பார்கள். அந்த இரண்டு ஆண்டுகளின் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள்.

வரி பற்றி: 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கான வரி நம் தலையில். ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். உங்களுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லையென்றால் ஆண்டுத் தொடக்கத்திலேயே 15எச் படிவம் கொடுத்துவிடுங்கள்.

சிங்கைவாசி | 9 நவம்பர் 2025, இரவு 8.15

பேரேடு ஐயா சொன்னதோடு ஒரு பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். நீர் தவலையில் இருந்தால் என்ன, சொம்பில் இருந்தால் என்ன, மொத்தம் மாறாது என்று மில்லர், மொடிக்லியானி என்ற இரு பொருளியலாளர்கள் 1961இல் ஒரு கட்டுரையில் நிறுவினார்கள். வரியும் செலவும் இல்லாத, எல்லோரும் நேர்மையாக இருக்கும் சந்தையில் அது சரி. ஆனால் தவலை யார் வீட்டு அடுப்படியில் இருக்கிறது என்பதுதான் நிஜமான கேள்வி.

சத்யம் நினைவிருக்கிறதா? 2008 டிசம்பர் 16. கையில் பெரும் ரொக்கம் இருப்பதாகக் கணக்குக் காட்டிய கணினி நிறுவனம், தலைவரின் மகன்கள் நடத்திவந்த இரண்டு கட்டுமான நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மனை எதற்கு? அன்றிரவே நியூயார்க் சந்தையில் பங்கு பாதிக்கும் மேல் விழுந்தது. விடிவதற்குள் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2009 ஜனவரி 7 அன்று தலைவரின் கடிதம் வந்தது: கணக்கிலிருந்த 5,040 கோடி ரூபாய் ரொக்கம் பொய். இல்லாத பணத்தின் இடத்தில் இருக்கிற நிலத்தைக் கொண்டுவந்து வைக்கும் கடைசி முயற்சிதான் அந்த வாங்கல் என்று அவரே எழுதியிருந்தார்.

அதனால்தான் டிவிடெண்டை நான் மதிக்கிறேன். நிர்வாகத்தின் கையில் தேவைக்கு மேல் பணம் தேங்கினால் அது வேண்டாத வாங்கல்களைத் தேடிப் போகும். தாமரைக்குளம் அம்மா, உங்கள் கணவரின் பங்குகள் அளவாகவும் சீராகவும் கொடுத்துவந்தால் அவற்றை விடாதீர்கள்.

நெல்லைச்சீமை | 10 நவம்பர் 2025, காலை 8.00

எனக்கு ஒரு சந்தேகம். சிறுகச் சேர்க்கிறவன் நான். வோடபோன் ஐடியா ஒரு பங்கு பத்து ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் நூறு ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு. அரசே பெரும்பங்கு வைத்திருக்கிறது, மூழ்க விடமாட்டார்கள். பழைய விலையில் பாதிக்கு வந்தால்கூட ஐந்து மடங்கு. இதில் என்ன தவறு?

நொய்யல் | 10 நவம்பர் 2025, மதியம் 1.45

தம்பி, விலையை மட்டும் பார்க்கிறாய். எத்தனை பங்குகள் இருக்கின்றன என்று பார்த்தாயா?

2018இல் வோடபோன், ஐடியா என்ற இரு நிறுவனங்களும் இணைந்தபோது சுமார் 873 கோடிப் பங்குகள். 2019இல் 25,000 கோடி ரூபாய்க்கு உரிமைப் பங்கு, 12.50 ரூபாய் வீதம், 38 பங்கு வைத்திருந்தால் புதிதாக 87. 2023இல் அரசுக்குக் கட்ட வேண்டிய வட்டி 16,133 கோடியைப் பத்து ரூபாய்ப் பங்குகளாக மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் 11 ரூபாய்க்கு 18,000 கோடிக்குப் பொதுவெளியீடு. 2025இல் இன்னும் 36,950 கோடி நிலுவை பங்கானது, அரசின் பங்கு ஏறத்தாழ 49 சதவீதம். இன்று மொத்தம் 10,834 கோடிப் பங்குகள். பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

எங்கள் திருப்பூர்ப் பக்கம் சொல்வதுபோல் சொன்னால், அதே துணியைப் பன்னிரண்டு பேருக்குச் சட்டையாக வெட்டியிருக்கிறது. 2018இல் நூறு ரூபாய் லாபத்தில் ஒரு ரூபாய் உனக்கு உரியது என்றால், புதுப் பணம் போடாமல் இருந்திருந்தால் இன்று எட்டுக் காசு. பழைய விலையை நீ எதிர்பார்ப்பது, நிறுவனம் அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு பெரிதாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது. அரசு மூழ்க விடாமல் இருக்கலாம். நிறுவனம் மிதப்பதும் உன் பங்கு மிதப்பதும் வேறு.

கடன் வாங்கித் தொழில் செய்வது தவறில்லை. நானே பின்னலாடை இயந்திரத்தைக் கடனில்தான் வாங்கினேன். லாபம் வந்தபோது முழுதும் எனதாக இருந்தது. ஆனால் ஆர்டர் நின்ற ஆறு மாதமும் வங்கி வட்டியை நிறுத்தவில்லை. தங்கைக்குப் போட்ட நகையை அவளிடமே கேட்டு வாங்கி அடகு வைத்துத் தவணை கட்டினேன். கூட்டாளியைச் சேர்த்திருந்தால் அந்த ஆறு மாதம் தூங்கியிருப்பேன், அடுத்த பத்தாண்டு லாபத்தில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பெரிய நிறுவனத்துக்கும் இதே கணக்குதான்.

இணைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சிறு பங்குதாரர் குரல் எடுபடாது என்று சோர்ந்துவிட வேண்டாம். எண்ணெய் நிறுவனமான கெய்ர்ன் இந்தியாவை வேதாந்தாவோடு இணைக்க 2015இல் முதலில் சொன்ன விகிதம், ஒரு வேதாந்தா பங்கும் பத்து ரூபாய் முன்னுரிமைப் பங்கு ஒன்றும். கெய்ர்னிடம் ரொக்கம் குவிந்திருந்தது, வேதாந்தாவிடம் கடன். எல்ஐசி போன்ற வெளிப் பங்குதாரர்கள் தலையசைக்கவில்லை. ஓராண்டு கழித்து முன்னுரிமைப் பங்கு நான்காக உயர்ந்தது. அதன் பிறகே நிறைவேறியது.

மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச்சில் ஐசிஐசிஐ செக்யூரிட்டீஸை அதன் தாய் வங்கிக்குள் எடுத்துக்கொள்ளும் ஓட்டெடுப்பு. 100 பங்குக்கு வங்கிப் பங்கு 67. தனிநபர் பங்குதாரர்களில் பெரும்பான்மை எதிர்த்தது. நிறுவன முதலீட்டாளர்கள் ஆதரித்தார்கள். தாய் வங்கி நீங்கலான வெளிப் பங்குதாரர்களின் ஓட்டில் 72 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. வங்கி ஊழியர்கள் பங்குதாரர்களைத் தொலைபேசியில் தொடர்புகொண்டதாகப் புகார் எழுந்து, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வங்கிக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. தீர்ப்பாயத்தில் ஆட்சேபிக்கலாமே என்றால், இப்படிப்பட்ட திட்டத்தை எதிர்க்கப் பத்து சதவீதப் பங்காவது வைத்திருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. நூறு பங்குக்காரர் எங்கே போவார்? இந்த வரம்பு குறைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தாமரைக்குளம் | 10 நவம்பர் 2025, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. நிறுவனத்தின் பழைய அறிக்கையை மகன் பதிவிறக்கிக் கொடுத்தான். பேரேடு ஐயா சொன்னது சரிதான், தொழிற்சாலை நிலத்தை விற்ற பணம். அந்த இரண்டு ஆண்டும் வந்தது லாபம் இல்லை, நிலம்.

கடைசியாக ஒன்று. கணவர் வாங்கிய இன்போசிஸ் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. பங்கு ஒன்று 1,800 ரூபாய்க்குத் திரும்ப வாங்கப்போகிறார்கள், பதிவு நாள் நவம்பர் 14 என்கிறார்கள். சந்தை விலையைவிட நிறைய அதிகம். ஆனால் நிறுவனர்கள் கொடுக்கப்போவதில்லை என்று செய்தி வந்திருக்கிறது. அவர்களே கொடுக்காதபோது நான் கொடுக்கலாமா?

பேரேடு | 10 நவம்பர் 2025, இரவு 7.50

கொடுக்கலாம் அம்மா. அவர்கள் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

2024 அக்டோபர் 1 முதல், இப்படி நிறுவனமே தன் பங்கைத் திரும்ப வாங்கும் பைபேக்கில் வரும் முழுத் தொகையும் டிவிடெண்டாகக் கருதப்படுகிறது. 1,800 ரூபாய்க்கும் வரி, நீங்கள் போட்ட முதலைக் கழிக்க முடியாது. அந்த முதல் மூலதன நட்டமாக எழுதப்பட்டு, வேறு பங்கு லாபத்தில் பின்னால் கழிக்கக் கிடைக்கும். முப்பது சதவீத வரம்பில் இருப்பவருக்கு 1,800இல் 540 போய் 1,260 நிற்கும். சந்தையில் விற்றாலே அதைவிட அதிகம். பெரும் வருமானக்காரர்களுக்கு இது உகந்ததல்ல என்பதற்கு இதுவே போதுமான காரணம். நிறுவனத்தின் மீது சந்தேகப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கோ, ஓய்வூதியமும் டிவிடெண்டும் இந்தத் தொகையும் சேர்ந்து புதிய வரிமுறையில் 12 லட்சத்துக்குள் அடங்கினால் வரி இல்லை. பிடித்தம் செய்தாலும் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பதிவு நாளில் இரண்டு லட்சம் ரூபாய்க்குள் பங்கு வைத்திருக்கும் சிறு பங்குதாரர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கீடும் உண்டு. கொடுக்கும் எல்லாப் பங்குகளையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், மீதி உங்கள் கணக்குக்கே திரும்பும். நவம்பர் 20 முதல் 26 வரை உங்கள் தரகர் செயலியில் அந்த வாய்ப்பு வரும். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அவர் ஞாபகமாகச் சில பங்குகளை வைத்துக்கொள்ள விரும்பினால் வையுங்கள். அதற்குக் கணக்குச் சொல்ல நான் வரமாட்டேன்.

வைகைக்கரை | 16 நவம்பர் 2025, காலை 10.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். வாரம் முழுக்க அலைச்சல். என் ஒரு கேள்விக்கு இத்தனை பேர் இவ்வளவு எழுதியிருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். மாப்பிள்ளையையும் படிக்க வைத்தேன். கரூர்வழி அண்ணாவின் பதிவை இரண்டு முறை படித்தார்.

பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். பத்திரத்தில் ஃபோலியோ எண் இருந்த மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது, கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. ஆனால் உறையை முழுதும் கொட்டிப் பார்த்தபோது, குண்டூசி குத்திய நான்கு டிவிடெண்டு வாரண்டுகள் (டிவிடெண்டுக் காசோலைகள்) கிடைத்தன. வங்கியில் போடவே இல்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அம்மா பென்சிலால் தொகையைக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறார். நான்காவதில் கூட்டலுக்குக் கீழே "தம்பி பரீட்சைப் பணம்" என்று இருக்கிறது. அந்த ஆண்டு பரீட்சைப் பணத்தை அப்பா வேறு எங்கோ புரட்டிக் கட்டினார். இவற்றை ஏன் மாற்றாமல் விட்டார் என்று தெரியவில்லை. இவை இனிச் செல்லாது என்று தெரியும். வேறு ஏதாவது பயன் உண்டா?

பேரேடு | 16 நவம்பர் 2025, காலை 10.35

உண்டு ஐயா. வாரண்டோடு ஒட்டியிருக்கும் விவரத் துண்டில் பெயர், பங்கு எண்ணிக்கைக்கு அருகே ஃபோலியோ எண் முழுதாக அச்சிட்டிருக்கும். குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள், துருவேறியிருந்தால் காகிதம் கிழியும். நான்கையும் இரு பக்கமும் நகலெடுத்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இன்னொரு பதிவுத் தபால் அனுப்புங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.